பதினொரு பாகை

இரத்த வங்கியில் எனக்கு வேலை.
நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை
குளிர்பெட்டிகளை எட்டிப் பார்த்து
இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கிறதா என்று
எழுதி, ஒப்பம் வைக்க வேண்டும்.
ஆறைத் தாண்டினால் மணி அலறும்.
யாரென்று தெரியாத ஆட்களின் இரத்தத்தை
ஒன்பது வருசமாகப்
புழுங்க விடாமல் காத்து வருகிறேன்.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையில்,
மூன்றாம் மாடி வீட்டில்
நானும், தம்பி சேந்தனும்,
வாங்கும்போதே யாருக்கோ உழைத்துக் களைத்திருந்த
ஒரு பிரிட்ஜும்.

ஞாயிறு வைத்த பாரைக் குழம்பைப்
புதன் இரவு சூடாக்காமல்
பாணோடு தின்றான்.
விடியப்புறம் மூன்று மணிக்குக்
குளியலறைக் கதவுக்கு வெளியே
ஜீவனி கரைத்த போத்தலோடு நான்.
உள்ளேயிருந்து கேட்டான்:
"மணக்கவில்லையே அக்கா, நல்லாத்தானே இருந்தது?"

மணக்காது, சேந்தன்.
மணக்கிறவை வேறு, ஆளை விழுத்துகிறவை வேறு.

"பிரிட்ஜுக்குள்ளதானே இருந்தது" என்றான் பிறகு,
கோயிலுக்குள் கழற்றி வைத்த செருப்பு
காணாமற் போனவனைப்போல.

அன்று பின்னேரம் வேலைத்தலத்தில்
ஒரு பழைய வெப்பமானியைக் கேட்டு வாங்கினேன்.
தண்ணீர்க் குவளைக்குள் அதை நிறுத்தி,
நடுத்தட்டில், தயிர்ச்சட்டிக்குப் பக்கத்தில்,
இரவு முழுக்க விட்டேன்.
காலையில் பதினொன்று.

பதினொன்று என்றால் அது குளிர்பெட்டி இல்லை.
நுவரெலியாவில் ஒரு பின்னேரம்.
கிருமிகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
குடும்பத்தோடு உலாவப் போகலாம்.

சேந்தன் திருகியைக் காட்டி வாதாடினான்:
"இரண்டில்தானே இருக்குது. இரண்டு பாகை."
அது பாகை இல்லையடா, பலம்.
இலக்கம் ஏற ஏறத்தான் குளிர் ஏறும்.
நாலில் இருந்ததை இரண்டுக்கு இறக்கியவன் அவன்தான்,
இன்னும் கொஞ்சம் குளிரட்டும் என்று.

தெமட்டகொடையிலிருந்து நவ்பர் வந்தார்.
ஆயுதப் பையைத் திறக்கவேயில்லை.
சட்டைப் பையிலிருந்து ஓர் இருபது ரூபாய்த் தாளை எடுத்துக்
கதவிடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்தார்.
முனகாமல் வந்தது.
"பாத்தீங்களா மிஸ், காசு இப்படித்தான் போகுது."

கீழ் மூலையில் ரப்பர் வெடித்திருந்தது,
ஒரு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு.
அந்த வழியால் கடற்காற்று உள்ளே வந்து
இத்தனை நாளும் எங்கள் போஞ்சிக்காயோடு படுத்திருக்கிறது.
பின்பக்கச் சுருளில் தும்பும் தூசும் பூனை மயிரும்.
எங்களிடம் பூனை இல்லை.
பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்து வைத்து
"அதுக்கும் மூச்சு விடோணும்" என்றார்.

புது ரப்பர். திருகி ஐந்தில்.
அடுத்த நாள் காலை, நாலு பாகை.
யாருக்கோ பிள்ளை பிறந்த செய்தி வந்ததுபோல
சமையலறையில் தனியே நின்று சிரித்தேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.
ஊராரின் இரத்தத்துக்கு இத்தனை ஒப்பம் வைத்தவள்
சொந்தத் தயிரை
ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

வேலைத்தலத் தாளைப்போலவே கோடு கீறிக்
கதவில் ஒட்டினேன்:
நேரம், பாகை, ஒப்பம், குறிப்பு.
சேந்தன் பகிடி பண்ணினான்.
இரண்டு நாளில் ஒரு பேனையை நூலில் கட்டித்
தொங்கவிட்டதும் அவன்தான்.
கொதிக்கிற சட்டியை அப்படியே உள்ளே தள்ளுவதை விட்டுவிட்டான்.
கதவைத் திறந்துவைத்துக்கொண்டு
என்ன தின்னலாம் என்று யோசிப்பதை
விட்டானோ தெரியாது.
நான் வீட்டில் இருக்கும்போது விட்டிருக்கிறான்.

நேற்று, பின்னேர முறை முடிந்து நான் வர
ஒழுங்கை முழுக்க இருட்டு.
படியேறி வந்து
கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தாளில் பிடித்தேன்.
கோழி கிளறின எழுத்து, குறிப்பு நிரலை மீறி
அடுத்த நாளின் கட்டத்துக்குள்ளும் போயிருந்தது:

ஏழு பத்து. கரண்ட் போச்சு.
பாகை தெரியாது. பார்க்கிறதென்றால் திறக்க வேணும்.
திறக்கவில்லை.
தண்ணி விடாய்த்தது. அதுக்கும் திறக்கவில்லை.

பக்கத்தில், வழமையைவிடப் பெரிதாக,
ஒப்பம்.